வீடும் வளவும்: மொட்டையடித்தால் மரம் குட்டையாகாது

ஊரில் வேலிக் கதியால்களை ஆண்டுதோறும் வெட்டினோம். கிளுவையும் பூவரசும் மறுபடி தளிர்த்தன. தறித்த முருங்கையும் முளைத்தது. அதே பழக்கத்தோடுதான் ரொறன்ரோவில் வீடு வாங்கியதும் வளவில் நிற்கும் மேப்பிள் மரத்தையும் பார்க்கிறோம். "கூரைக்கு மேலே போய்விட்டது, பாதியில் தறித்துவிடுவோம்" என்கிறோம்.

கதியால் சிறு வயதிலிருந்தே வெட்டுப்பட்டு வளர்ந்தது. வளர்ந்த மேப்பிள் அப்படியல்ல. இலைதான் மரத்துக்குச் சமையலறை. உச்சியை மொட்டையடித்தால் மரம் பட்டினி கிடக்கும். அந்த அவதியில், பட்டைக்கடியில் உறங்கிக் கிடந்த முளைகள் நெட்டையாகக் கிளம்பும். சில ஆண்டுகளில் மரம் பழைய உயரத்துக்கே வந்துவிடும். ஆனால் இந்தப் புதுக் கொப்புகள் மேலோட்டமாக ஒட்டிக்கொண்டவை, உறுதி இல்லாதவை. அவற்றின் கீழே பெரிய வெட்டுக்காயம் மூடாமல் உக்கத் தொடங்கும். 2013 டிசம்பரில் வந்ததுபோல் உறைமழை ஒன்று வந்தால், அவை முறிந்து விழுவது நமது கூரைமேல்தான்.

உயரத்தைக் குறைக்க முறையான வழி உண்டு. நீண்ட கொப்பை, அதிலிருந்து பிரியும் பக்கக் கிளை வரை மட்டும் வெட்ட வேண்டும். அந்தக் கிளை, வெட்டும் கொப்பின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அதுவே புதிய நுனியாகிவிடும். ஒரே ஆண்டில் காற்பங்கு இலைக்கு மேல் எடுக்கக் கூடாது. முதிர்ந்த மரமென்றால் இன்னும் குறைவு. ஒரு கிளையை முழுதாக எடுப்பதானால், அடியில் தடித்திருக்கும் கழுத்தை வெட்டாமல், கட்டையும் மிஞ்சாமல், கழுத்துக்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். காயத்தை மரமே மூடிக்கொள்ளும். பெயின்ற் பூசத் தேவையில்லை. இலையில்லாத குளிர்கால முடிவு இதற்கு நல்ல காலம்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. ரொறன்ரோவில், தரையிலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் 30 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல் விட்டமுள்ள மரத்தை, அது சொந்த வளவில் நின்றாலும், மாநகரசபையின் அனுமதியின்றித் தறிக்கவோ சேதப்படுத்தவோ முடியாது. வீட்டுக்கு முன்னால் வீதியோரம் நிற்பது பெரும்பாலும் நகரத்தின் மரம். அதில் கை வைக்காமல் 311க்கு அழைப்போம். மின்கம்பி அருகே நிற்கும் மரத்தில் நாம் ஏறவே வேண்டாம்.

மலிவாக வெட்டித் தருவதாகக் கதவைத் தட்டுபவரிடம், "எந்தக் கொப்பை, எதுவரை வெட்டுவீர்கள்?" என்று முதலில் கேட்போம். "உச்சியைத் தறித்துவிடலாம்" என்றால், நன்றி சொல்லி அனுப்பிவிடுவோம்.