தலையணைக்குப் பூவேலை

சென்ற வாரம் நண்பர் ஒருவர் தம் குமாரியை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பெண் பள்ளிப் படிப்பை நல்ல முறையில் முடித்திருக்கிறாள். மேற்கொண்டு வீட்டின் உள்ளமைப்புக் கலையைத்தான் படிப்பேன் என்று பிடிவாதம் செய்கிறாளாம்.

"ஜன்னலுக்குத் திரை போடவும், சுவருக்கு வர்ணம் பார்க்கவும் ஒரு படிப்பா, ஸார்? என் தாயார் எந்தக் கலாசாலையில் படித்துவிட்டு வீட்டை வைத்துக்கொண்டாள்?" என்று கேட்டார் நண்பர். பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது நான் அவருக்குச் சொன்ன விருத்தாந்தத்தையே நேயர்களுக்கும் சொல்லுகிறேன்.

ஷார்லட் பெரியான் என்ற மாது 1903-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பிறந்தவர். தந்தையார் தையற்காரர், தாயாரும் தையல் தொழிலே செய்தவர். குமாரி பெரியான் பாரிஸில் அலங்காரக் கலைப் பள்ளியொன்றில் பயின்று வெளிவந்தார். 1927-இல், கட்டடக் கலையில் பெயர் பெற்று வந்த லெ கார்பூஸியேயிடம் சென்று வேலை கேட்டார். "இங்கே நாங்கள் தலையணைக்குப் பூவேலை செய்வதில்லை" என்ற பொருள்படச் சொல்லி, அவர் இந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டார். என் நண்பரின் கேள்வியும் அந்த மேதையின் பதிலும் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை அல்லவா?

பெரியான் வாதாடவில்லை. கூரையின் கீழிருந்த தம் ஜாகையில் அமைத்திருந்த சிறு மதுக்கூடத்தையே அவ்வாண்டுக் கலைக் காட்சியில் வைத்தார். செதுக்கிய மரமும் பட்டுத் திண்டும் அங்கே பிரதானமாக இல்லை; உலோகமும் கண்ணாடியுமே பளபளத்தன. மோட்டார் வண்டி, ஆகாய விமானம் ஆகியவற்றின் அழகே அக்காலத்தில் அவருக்கு உற்சாகம் ஊட்டியது. உலோக உருண்டைகளைக் கோத்து மாலையாக அணிந்து திரிந்தாராம்! காட்சியைக் கண்ட லெ கார்பூஸியே தம் தவற்றை உணர்ந்தார், வேலையும் கொடுத்தார். அங்கே பத்து ஆண்டுகள் பெரியான் உழைத்தார். எஃகுக் குழாய்களை வளைத்து 1928-இல் உருவான சாய்வு நாற்காலி இன்றும் உலகில் புகழுடன் இருக்கிறது. ஆயினும் வெகுகாலம் அதன் பெருமை பெரும்பாலும் எஜமானரையே சேர்ந்தது.

எஃகின் மீதிருந்த மோகமும் நாளடைவில் தணிந்தது. ஓய்வு நாட்களில் பெரியான் மலையேறுவார்; கடற்கரையில் அலை ஒதுக்கிய கூழாங்கல், கட்டை, எலும்பு இவற்றைப் பொறுக்கி வந்து, அவற்றின் வடிவங்களை ஆராய்வார். மர மேஜைக்கு நேர்கோடுதான் வேண்டுமென்பதில்லை என்று இயற்கையிடம் கற்றுக்கொண்டார்.

1940-இல் ஜப்பானிய அரசாங்கம், அந்நிய நாடுகளில் விலைபோகும்படி கைத்தொழில்களைத் திருத்த யோசனை கூறுமாறு அவரை அழைத்தது. ஐரோப்பியச் சாமான்களைப் பார்த்துச் செய்யக் கற்றுக்கொடுப்பார் என்று பலர் எதிர்பார்த்திருக்கலாம். அவரோ ஊர் ஊராகச் சென்று, மூங்கில் பிளப்பவர்களையும் வைக்கோல் பின்னுகிறவர்களையும் கண்டு வியந்தார். "மேனாட்டைக் காப்பியடிக்காதீர்கள், உங்கள் கையில் இருப்பதைக் கொண்டே புதியதைச் செய்யுங்கள்" என்பதே அவர் யோசனையின் சாரம். சொன்னதோடு நிற்கவில்லை. எஃகில் செய்த அதே சாய்வு நாற்காலியை மூங்கில் பட்டைகளால் செய்து காட்டினார். மூங்கிலின் துவளும் தன்மையே வில்லின் வேலையைச் செய்தது. 1941-இல் டோக்கியோவிலும் ஒஸாகாவிலும் அவர் நடத்திய கண்காட்சியில் இவற்றை ஜனங்கள் கண்டார்கள்.

யுத்தத்தில் சிக்கி இந்தோ-சீனாவில் தங்கிய அவர், 1946-இல் தாய்நாடு திரும்பினார். மார்ஸேல்ஸ் நகரத்தின் பெரிய குடியிருப்புக்காகச் சமையலறையை வகுத்தபோது, அதைக் கூடத்தை நோக்கித் திறந்துவைத்தார். சமைக்கும் பெண் புகையிலும் தனிமையிலும் அடைபட்டிராமல், வீட்டாருடன் பேசிக்கொண்டே வேலை செய்ய வேண்டும் என்பது கருத்து. இதுவா பூவேலை? 1999-இல், 96-ஆவது வயதில் அவர் காலமானார்.

இந்தக் கதைக்கு நம் நாட்டிலும் ஒரு கிளை உண்டு. அதே காரியாலயத்தில் பெரியானோடு உழைத்த பியேர் ழான்னரே 1951-இல் சண்டிகருக்கு வந்தார். அங்குள்ள காரியாலயங்களுக்கும் கல்லூரிகளுக்கும் தேக்கிலும் பிரம்பிலும் நாற்காலிகள் வகுத்தார். நம் தச்சர்கள் செய்த அந்நாற்காலிகளைப் பின்னாளில் பழஞ்சாமான் என்று குவித்து, அற்ப விலைக்கு ஏலம் விட்டோம். அவையே கடல் கடந்து சென்று, அந்நிய ஏலக் கூடங்களில் லட்சக்கணக்கான ரூபாய்க்கு விலைபோயின. பிரம்பின் அருமையை நமக்குப் பிறர் விலை போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது!

"உங்கள் தாயார் படிக்காமலே வீட்டை அழகாக வைத்திருந்தது உண்மைதான். ஆனால் முற்றமும் திண்ணையும் கோரைப் பாயும் அவருக்கு உதவி செய்தன. இன்று நாம் இருப்பது மூன்றாவது மாடியில், இரண்டு அறைகளில். அங்கே காற்றும் வெளிச்சமும் அடக்கமும் எப்படிக் கிடைக்கும் என்று யாராவது படித்துத்தானே சொல்ல வேண்டும்?" என்றேன்.

நண்பர் பேசவில்லை. பெண்தான் நிமிர்ந்து, "பத்தமடையில் பாய் நெய்வதை நேரில் பார்க்கலாமா, ஸார்?" என்று கேட்டாள்.

"வருகிற விடுமுறையில் நானே அழைத்துப் போகிறேன்" என்றார் நண்பர்.