சுடுகாட்டு மல்லி என்றே எழுதுவோம்

போன ஆடியில், முந்தின நாள் எங்கள் நர்சரியில் வாங்கிப்போன ஆறு தொட்டிகளையும் ஒரு பெண் ஆட்டோவில் திருப்பிக் கொண்டுவந்தார். "அத்தை இதைப் பார்த்ததும் சுடுகாட்டுப் பூன்னு சொல்லிட்டாங்க. வாசல்ல வைக்கவே கூடாதாம்." வாங்கிக்கொண்டு செம்பருத்தி கொடுத்தனுப்பினேன். அன்று மாலையே பலகையில் 'வின்கா' என்று மட்டும் எழுதினேன். அப்படி எழுதியது தவறு என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

வின்கா இன்று அதன் தாவரவியல் பெயரும் அல்ல. லின்னேயஸ் 'வின்கா ரோசியா' என்று பெயரிட்ட இந்த மடகாஸ்கர் செடியை, 19ஆம் நூற்றாண்டிலேயே கேதராந்தஸ் என்ற தனிப் பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். கிரேக்கத்தில் அதற்குத் தூய மலர் என்று பொருள். நம் ஊரில் இதற்கு நித்தியகல்யாணி, சுடுகாட்டு மல்லி என்று இரண்டு பெயர்கள். ஒன்று மங்கலம், மற்றது அமங்கலம் என்று தோன்றும். ஆனால் இரண்டுக்கும் காரணம் ஒரே குணம்தான். யாரும் தண்ணீர் ஊற்றாத, உரம் காணாத, வெயில் கொளுத்தும் மேட்டிலும் இது ஆண்டு முழுக்கப் பூக்கும். கசப்பினால் ஆடும் வாய்வைக்காது. கல்லறைகளுக்கு நடுவில் இது நிலைத்தது அதனால்தான்.

நர்சரிக்காரர்களான நாம் என்ன செய்கிறோம்? தென்னைநார்க் கழிவை நிறைத்து, காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றி, வலை நிழலில் அடுக்கி வைக்கிறோம். மழைக்காலம் வந்ததும் தண்டு கறுத்து, வேர் அழுகி, வரிசை வரிசையாகச் சாய்கிறது. பைட்டோப்தோரா என்ற அழுகல் நோய்க்கிருமிக்கு மருந்து தேடி ஓடுகிறோம். சுடுகாட்டு மல்லி என்ற பெயரைக் காதில் வாங்கியிருந்தால் மணல் கலந்த மண்ணும் முழு வெயிலும் கொடுத்திருப்போம். வாங்கிப்போகிறவரும் தினமும் ஊற்றிக் கொன்றிருக்க மாட்டார். அந்தப் பெயர் ஒரு வளர்ப்புக் குறிப்பு. பார்க்குகளில் வேலியாக வெட்டி நிறுத்தும் பீச்சங்கும் அப்படித்தான்: கசக்கினால் நாறும் அந்த இலைதான் அதற்குக் காவல்.

கண்வலிக் கிழங்கு விஷயம் இதைவிடக் கனமானது. குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் முதலில் நிற்கும் செங்காந்தள் இதுதான்: தமிழ்நாட்டின் மாநில மலர், ஈழத்தில் கார்த்திகைப் பூ. லின்னேயஸ் வைத்த குளோரியோசா சூப்பர்பா என்ற பெயரும் புகழ்மாலைதான். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் பந்தலில் ஏற்றி, காலையில் ஒவ்வொரு பூவுக்கும் கையால் மகரந்தம் தொட்டுவைத்து, விதைக்காக வளர்க்கும் விவசாயியோ இதைக் கண்வலி என்கிறார். அந்த விதையிலிருந்துதான் கீல்வாத மருந்தான கோல்ச்சிசின் எடுக்கிறார்கள். அதே கோல்ச்சிசின் கிழங்கிலும் இருக்கிறது. அதற்கு முறிவு மருந்து கிடையாது. சர்க்கரைவள்ளி என்று நினைத்து அவித்துத் தின்று இறந்தவர்கள் உண்டு.

இதைச் செங்காந்தள் என்று மட்டும் எழுதி, குழந்தைகள் உள்ள வீட்டுக்கு விற்பது எனக்குச் சம்மதமில்லை. கண்வலிக் கிழங்கு என்று படித்தால், அந்த வீட்டுப் பாட்டிக்கு அடுத்ததாக என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும். கிழங்கைத் தோண்டும்போது கையுறை போடுங்கள், சமையலறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள் என்று நாம் பேச்சைத் தொடங்கவும் அந்தப் பெயரே வழிசெய்யும்.

வியாபாரம் படுத்துவிடும் என்பீர்கள். சில தொட்டிகள் திரும்பி வரும்தான். வந்தவரிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள். குழந்தைகளின் ரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின் இந்தச் சுடுகாட்டு மல்லி இலையிலிருந்து வருவது என்று சொல்லுங்கள். அந்த அத்தையிடமும் சொல்லச் சொல்லுங்கள். நான் அன்று சொல்லவில்லை.

அடுத்த இதழிலிருந்து நம் செடி அறிமுகப் பக்கத்தில் தாவரவியல் பெயருக்குக் கீழே, ஊர்ப்பெயர்கள் அனைத்தையும், அவை வழங்கும் வட்டாரத்தோடு அச்சிடுவோம். முகம் சுளிக்க வைக்கும் பெயர்களை முதலில் அனுப்புங்கள். அந்தச் செடி எந்த மண்ணில், எந்த இடத்தில் தானாக முளைத்து நிற்கிறது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.