44 வீதமும் எங்கட சண்டையும்

2025 ஏப்ரல் 2 ஆம் திகதி டிரம்ப் ஒரு பெரிய அட்டையைத் தூக்கிக் காட்டினார். இலங்கைக்கு நேரே இரண்டு இலக்கங்கள்: 88, 44. நாங்கள் அமெரிக்கப் பொருட்களுக்கு 88 வீதம் அறவிடுகிறோமாம், அவர்கள் பெருந்தன்மையாகப் பாதிதான் போடுகிறார்களாம். இங்க விடியிறதுக்குள்ள முகநூலில எங்கட ஆக்கள் இரண்டாப் பிரிஞ்சிட்டினம். ஜே.வி.பி.க்காரரை ஜனாதிபதியாக்கினதுக்குத் தண்டனை என்று ஒரு பகுதி. இது ஏகாதிபத்தியம், சீனாவோட சேருங்கோ என்று மற்றப் பகுதி. நடுவில, பொருளியல் படிக்காத ஆக்கள் வாயை மூடுங்கோ என்று சொல்ல வந்த சிலர்.

இந்த மூன்றாவது ஆக்களோடதான் எனக்கு முதல் கோபம். 2022 இல் பெற்றோல் வரிசையில நின்றுதான் இந்த நாட்டுச் சனம் டொலர் கையிருப்பு, சர்வதேச நாணய நிதியம் எல்லாம் படிச்சது. படிச்சவையை நம்பி விட்டதாலதான் அந்த வரிசையே வந்தது. ஆகவே சனம் கதைக்கட்டும். ஆனால் அட்டையில இருக்கிற இலக்கத்தை ஒருக்கா வடிவாப் பார்த்துப்போட்டுக் கதைக்கலாம்.

அந்த 88 ஒரு வரியே இல்லை. 2024 இல் அமெரிக்கா எங்களிடம் வாங்கியது ஏறத்தாழ 3 பில்லியன் டொலருக்கு. எங்களுக்கு விற்றது சுமார் 368 மில்லியனுக்கு. இடைவெளி 2.6 பில்லியன். அதை 3 பில்லியனால் பிரித்தால் 88 வீதம், பாதியாக்கினால் 44. கலைப்பீடத்து ஆள் எனக்கே கல்குலேட்டரில இரண்டு நிமிஷம்தான் போனது. ஜே.வி.பி.யும் இல்லை, சீனாவும் இல்லை. அதே அட்டையில் லெசோத்தோவுக்கு 50, மடகஸ்காருக்கு 47, கம்போடியாவுக்கு 49. எல்லாம் உடுப்புத் தைத்து அமெரிக்காவுக்கு அனுப்புகிற, திருப்பி அங்கேயிருந்து வாங்கக் காசில்லாத நாடுகள். நெருங்கிய நட்பு நாடான இஸ்ரேலுக்கே 17 போட்டவை. கொள்கையைத் தேடிச் சண்டை பிடித்த இடத்தில் இருந்தது ஒரு கழித்தல், ஒரு பிரித்தல்.

பிறகு ஜூலையில் 30, ஆகஸ்டில் 20 என்று இறங்கினதும் சண்டையும் அடங்கிவிட்டது. ஆனால் அந்த 20 வீதத்தை ஆர் கட்டினது? சட்டப்படி அமெரிக்காவில் இறக்குமதி செய்கிற கம்பனி. அது தன் பங்கைக் குறைக்க முதலாளியிடம் விலையைக் குறை என்று கேட்கும். முதலாளி மணித்தியால 'டார்கெட்'டைக் கூட்டுவார், ஓவர்டைமை வெட்டுவார். அடிப்படைச் சம்பளத்தை விட ஓவர்டைமையும் ஊக்குவிப்புக் கொடுப்பனவையும் நம்பித்தான் ஒரு கார்மென்ட்ஸ் பிள்ளை வீட்டுக்குக் காசு அனுப்புறாள். எங்கட ஆடை ஏற்றுமதியில் ஏறத்தாழ 40 வீதம் அமெரிக்காவுக்குத்தான். கட்டுநாயக்காவுக்குப் போன வன்னிப் பிள்ளைகளும், போருக்குப் பிறகு கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் திறந்த தொழிற்சாலைகளில் இருக்கிற பிள்ளைகளும் இந்தக் கணக்குக்குள்ள வருகினம். அந்த விவாதங்களில் அவையைப் பற்றிக் கதைச்ச ஆக்களை நான் பெரிதாகக் காணவில்லை.

தமிழர்களுக்கு இதைவிடச் சிக்கலான ஒரு வர்த்தகக் கேள்வியும் இருக்கு: ஐரோப்பாவின் ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகை. 27 சர்வதேச உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்தினால் வரிச்சலுகை என்பது ஏற்பாடு. மனித உரிமைக் காரணங்களால் 2010 இல் பறித்தார்கள், 2017 இல் திருப்பிக் கொடுத்தார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவதாக அப்போது சொன்ன வாக்குறுதிக்கு 2022 இல் சில திருத்தங்கள் வந்தன, அவ்வளவுதான். இதனால், சலுகையைப் பறி என்று எங்கட பக்கத்தில் குரல் எழும்பும். அந்தக் கோபம் நியாயம். ஆனால் பறித்தால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறவளும் எங்கட பிள்ளைதான். அதற்காகச் சும்மா இருங்கோ என்றும் நான் சொல்லவில்லை. கொழும்பைக் கேள்வி கேட்க எங்களிடம் இருக்கிற கொஞ்ச நெம்புகோல்களில் இது ஒன்று.

என் நிலைப்பாடு இது: சலுகை இருக்கட்டும், நிபந்தனைகளைத் திகதி போட்டு இறுக்கச் சொல்லிக் கேட்போம். கண்காணிக்க வருகிற ஐரோப்பியக் குழுக்கள் சிவில் அமைப்புகளையும் தொழிற்சங்கங்களையும் சந்திக்கிறவை. அடுத்த முறை வடக்கில் இருந்து போகிறவர்களின் பட்டியலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாமாரோட ஒரு மெஷின் ஒப்பரேட்டரின் பெயரும் இருக்க வேண்டும், அவளுக்கு அன்றைக்குச் சம்பளத்தோட லீவும் வேண்டும்.