வாசல்வரை வண்டி வர வேண்டுமா?

கோடை விடுமுறை தொடங்கியதும் திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்குகின்றன. மதுரையிலிருந்து மாமா, திருநெல்வேலியிலிருந்து சித்தப்பா, நாகர்கோவிலிலிருந்து அத்தை என உறவினர்கள் பத்மநாபசுவாமி கோயிலைக் காணப் புறப்படுகின்றனர். முன்பெல்லாம் அவர்கள், "கோயிலுக்கு அருகில் அறை கிடைக்குமா?" என்றுதான் கேட்பார்கள். இப்போது அதற்கு முன்பே வேறொரு கேள்வி வந்துவிடுகிறது: "வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா?"

கேள்வி நியாயமானதே. இரவெல்லாம் வண்டி தெருவில் நிற்கிறதே என்னும் கவலையோடு எவரும் நிம்மதியாக உறங்க இயலாது. ஆனால் அக்கேள்வி, "வாசல்வரை வண்டி வருமா?" என்னும் பொருளில் கேட்கப்படும்போதுதான் சிக்கல் எழுகிறது. பழைய நகரம் ஒன்றில் தங்க விரும்புவோர், அறையை நடைக்கு ஏற்ற இடத்திலும் காரை அது நிற்பதற்கு ஏற்ற இடத்திலும் அமைத்துக்கொள்ள வேண்டும். இவ்விரண்டும் ஒரே இடமாக இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

திருவனந்தபுரத்தின் கோட்டைப் பகுதி காருக்காக உருவானதன்று. 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மர் கோயிலைப் புதுப்பித்துக் கோட்டையையும் எழுப்பினார். 1795இல் திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து இங்கு மாறியது. அக்காலத்துத் தெருக்கள் மனிதரின் காலடிக்கும் பல்லக்குக்கும் மாட்டுவண்டிக்கும் அளந்து போடப்பட்டவை. கோட்டைக்குள் உள்ள அக்கிரகாரங்களில் ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். படியை விட்டு இறங்கினால் தெரு. அங்கே காருக்கு இடம் எங்கிருந்து வரும்? கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் பாதுகாப்பின் பொருட்டு வண்டி நிறுத்துவதற்குக் கட்டுப்பாடும் உண்டு.

ஆகவே தங்குமிடம் தேடுவோரின் பார்வை கோட்டையைச் சூழ்ந்த மணக்காடு, அட்டக்குளங்கரை, ஸ்ரீவராகம் ஆகிய பகுதிகளை நோக்கித் திரும்புகிறது. இவற்றுள் ஸ்ரீவராகம் தனி அழகு உடையது. இலட்சுமி வராகமூர்த்தி கோயிலும் அதன் பெரிய குளமும் இப்பகுதிக்குப் பெயரும் பெருமையும் தந்துள்ளன. பத்மநாபசுவாமி கோயிலுக்கு இங்கிருந்து நடந்தே செல்லலாம். அதிகாலையில் குளித்து, வேட்டி உடுத்தி, குளக்கரை வழியே கோயிலுக்கு நடப்பவருக்கு அந்த நடையே பாதி தரிசனம்.

ஆனால் ஸ்ரீவராகத்தின் உள்தெருக்கள் பல, ஒரு கார் சென்றால் எதிரே வருவது பின்வாங்க வேண்டிய அளவு குறுகியவை. இருபுறமும் மதில்கள். மூன்று அல்லது நான்கு சென்ட் நிலத்தில் எழுந்த வீடுகள். அத்தெருவில் வெளியூர்க் கார் ஒன்று இரவு முழுவதும் நின்றால் மறுநாள் காலையில் பள்ளி வண்டி திரும்ப இயலாது. எரிவாயு உருளை கொண்டுவரும் வண்டி தெருமுனையிலேயே நின்றுவிடும். நெஞ்சுவலி கண்ட முதியவரை அழைத்துச் செல்ல ஆம்புலன்ஸ் வந்தால், காருக்கு உரியவர் எந்த வீட்டில் உறங்குகிறார் என்று கதவு கதவாகத் தட்ட வேண்டும். இந்த இழப்பு விருந்தினரின் அறைக் கட்டணத்தில் எழுதப்படுவதில்லை. தெருவில் வாழ்பவரே அதைச் செலுத்துகின்றனர்.

அறை வாடகைக்கு விடுவோர், "இடம் உண்டு" என்று சொல்லும் சொல்லை ஆராய்ந்து பார்க்க வேண்டும். இடம் எங்கே உண்டு? வீட்டு முற்றத்தில் என்றால் நன்று. ஆனால் முற்றத்தில் தென்னை மரமும் இருந்தால், காய் விழும் இடம் எது என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது. "வாசலுக்கு எதிரே நிறுத்திக்கொள்ளலாம்" என்றால், அவர் தமக்குச் சொந்தமில்லாத பொதுத் தெருவை வாடகைக்கு விடுகிறார் என்றே பொருள். கேரள நகராட்சிக் கட்டட விதிகள் 2019இன்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட விடுதிக் கட்டடங்கள் தம் வளாகத்துக்குள்ளேயே வண்டி நிறுத்த இடம் ஒதுக்க வேண்டும். விதிக்கு முன்பே எழுந்த பழைய வீடுகளில் அவ்வசதி இல்லாதது குற்றமன்று. இல்லை என்பதை மறைப்பதே குற்றம்.

இங்கு வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பும் உண்டு. மதில்களில் மலையாளத்தில், "பார்க்கிங் பாடில்ல" என்று எழுதியிருப்பதை உறவினரால் படிக்க இயலாது. பிள்ளைகள் வாய்விட்டுப் படித்துக் காட்டினாலும் போதாது. 'பாடில்ல' என்னும் மலையாளச் சொல்லுக்குக் 'கூடாது' என்பது பொருள். தமிழிலோ, 'வந்த பாடில்லை' என்றால் இன்னும் வரவில்லை என்பது பொருள். ஆகையால் மாமா, "இதுவரை யாரும் நிறுத்தவில்லை போலும்" என்று மகிழ்ந்து அங்கேயே நிறுத்திவிடக்கூடும்! இரு மொழியும் அறிந்த பிள்ளைதான் பொருளையும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இத்தகைய சிக்கல் திருவனந்தபுரத்துக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானில் டோக்கியோவுக்குத் தெற்கே காமகுரா என்னும் பழைய கடற்கரை நகரம் உள்ளது. 1333 வரை அது ஆட்சித் தலைநகராக விளங்கியது. வெண்கலத்தாலான பெரிய புத்தர் சிலையைக் காண மக்கள் அங்குத் திரள்கின்றனர். அந்நகரின் பழைய ஆலயத்திலிருந்து நேரே கடலை நோக்கி ஒரு பெருவீதி செல்கிறது. பிற தெருக்கள் குறுகியவை. அங்கே கடற்கரையோர நிறுத்துமிடங்களில் காரை விட்டுவிட்டு, சிறிய இரயிலிலோ பேருந்திலோ நகருக்குள் செல்லும் ஏற்பாடு உள்ளது. நிறுத்துமிடக் கட்டணத்தோடு பயணச்சீட்டும் சேர்த்தே வழங்கப்படுகிறது. அந்நாட்டில் கார் வாங்குவோர், தெருவல்லாத ஓர் இடம் தம் காருக்கு உண்டு என்று பொதுவாகச் சான்று காட்ட வேண்டும் என 1962ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. அவ்விடம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தால் போதும். வண்டி வாசலிலேயே நிற்க வேண்டும் என்று அச்சட்டம் கேட்கவில்லை. தெருவில் நிற்கக் கூடாது என்றே கேட்கிறது.

திருவனந்தபுரமும் வழிவிடும் பழக்கத்தை அறியாத ஊரன்று. ஐப்பசி, பங்குனித் திருவிழாக்களின் நிறைவில் ஆறாட்டு ஊர்வலம் கோயிலிலிருந்து சங்குமுகம் கடற்கரைக்குச் செல்கிறது. அதன் வழி விமான நிலைய ஓடுதளத்தின் குறுக்கே அமைந்துள்ளது. அதற்காகச் சில மணி நேரம் விமானப் போக்குவரத்தே நிறுத்தப்படுகிறது. ஊர்வலத்துக்காக விமானம் காத்திருக்கும் ஊரில், ஒரு கார் கோட்டைக்கு வெளியே காத்திருப்பது பெரிய துன்பம் ஆகாது.

இதற்கு மறுப்பும் எழும். முழங்கால் வலியுள்ள பாட்டி, கைக்குழந்தை, நான்கு பெட்டிகள் ஆகியவற்றோடு எவ்வளவு தொலைவு நடப்பது? மறுப்பு வலியது. ஆனால் பாட்டியை வாசலில் இறக்குவதற்கு ஐந்து நிமிடம் போதும். இறக்கிவிட்டுக் காரைக் கட்டண நிறுத்துமிடத்தில் விட்டு வருவது ஓட்டுநர் ஒருவரின் நடை மட்டுமே. திரும்பி வர ஆட்டோவும் உண்டு. அந்தக் கட்டணத்தையும் ஆட்டோக் கூலியையும் அறை வாடகையோடு கூட்டிப் பார்த்த பிறகே எந்த அறை மலிவானது என்று முடிவு செய்ய வேண்டும். 'நிறுத்துமிடம் இலவசம்' என்னும் சொல்லுக்கு மயங்கி நகரின் மறுகோடியில் அறை எடுப்போர், தினமும் அதே காரைக் கோட்டைக்குக் கொண்டுவந்து, நிறுத்த இடம் தேடி அலைகின்றனர்.

காரையே வீட்டில் விட்டு வருவதும் ஒரு வழி. 1979இல் நாகர்கோவில் இருப்புப்பாதை திறக்கப்பட்டபின் தென்தமிழ்நாட்டிலிருந்து வருவது எளிதாயிற்று. தம்பானூர் தொடர்வண்டி நிலையத்திலிருந்து கோயில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவே. ஆற்றுக்கால் பொங்கல் நாளிலோ வேறு வழியே இல்லை. 2009இல் 25 இலட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் பதிவு செய்த அவ்விழாவில், நகரத் தெருக்கள் எல்லாம் செங்கல் அடுப்புகளால் நிறைந்துவிடும். அன்று காருக்கு இடம் கேட்போரைப் பார்த்து ஊரே சிரிக்கும்.

அடுத்த முறை தொலைபேசியில் மாமா, "வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா?" என்று கேட்டால், ஸ்ரீவராகத்துப் பிள்ளை இவ்வாறு விடை சொல்லலாம்: "இருக்கிறது மாமா, ஆனால் எங்கள் தெருவில் இல்லை. பாட்டியை வாசலில் இறக்கிவிடுங்கள். பெட்டிகளை நான் எடுத்துக்கொள்கிறேன். அப்பா உங்களோடு காரில் வந்து நிறுத்துமிடத்தைக் காட்டுவார். திரும்பும்போது குளக்கரை வழியாக நடந்து வாருங்கள்."