குதிநாண் நோவும் ஓய்வென்னும் மயக்கமும்

யூபிலி விழா என்றால் பழைய மாணவரின் துடுப்பாட்டமும் உதைபந்தாட்டமும் உடன்வருவன. ஆண்டுக்கணக்கில் மேசையருகே அமர்ந்திருந்தோர் ஒரு மாலைப்பொழுதில் 18 வயதினராய் ஓடத் தலைப்படுவர். அவ்வூக்கம் போற்றற்குரியதே. ஆயினும், கெண்டைக்கால் தசையைக் குதியெலும்போடு பிணைக்கும் நாணின் இசைவையும் கேட்டறிதல் நன்று.

கிரேக்க வீரன் அக்கிலீசின் பெயரால் மேனாட்டார் வழங்கும் இக்குதிநாண், உடலிலுள்ள நாண்கள் அனைத்தினும் தடித்தது, வலியது. ஓடுங்கால் உடல் நிறையின் 6 மடங்கிற்கு மேலான பாரத்தையும் தாங்கவல்லது. பழகிய பாரத்தால் அதற்கு இடரில்லை. பழகாத பாரம் திடீரென வந்து சேர்வதே கேடு. மார்கழி விடுமுறையில் வாளாவிருந்த மாணவனைத் தை பிறந்ததும் இல்லப் போட்டிக்கென நாள்தோறும் ஓடவிடும் வழக்கம் இத்தகையதே. காலையிற் படுக்கைவிட்டெழுந்து வைக்கும் முதற் சில அடிகளில் குதிக்கு மேலே விறைப்பும் நோவும் தோன்றின், அஃது எச்சரிக்கை என்க.

நோவு கண்டதும் எண்ணெய் பூசிப் புக்கை கட்டி, அது தீருமட்டும் காலை அசையாது வைத்திருத்தலே மருந்தென நம்மிற் பலர் கருதுகின்றனர். இக்கருத்தை நாம் மறுக்கின்றோம். முற்றான ஓய்வில் நோவு தணியும். நாணோ மேலும் வலுவிழக்கும். மீண்டும் ஓடியவுடன் நோவும் மீளும். 1998 இல் சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்பிரட்சனும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறான வழியைக் காட்டிற்று. நாட்பட்ட நோவுடையார் 15 பேர் 12 வாரம் பயின்று, அனைவரும் முன்போல் ஓடலாயினர். பயிற்சியோ எளிது. படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, நலமான காலால் உயர்ந்து, நோவுள்ள காலாற் குதியை மெல்லக் கீழே இறக்குதல் வேண்டும். முழங்காலை நீட்டியபடி 15 தடவையாக 3 சுற்று; சற்றே மடக்கி மேலும் 3 சுற்று; இவ்வாறு காலையும் மாலையும். பயிலும்போது சிறிது நோவின் அஞ்சற்க. நாண் குதியெலும்பிற் பொருந்துமிடத்திலேயே நோவு உளதாயின், குதியைப் படிக்குக் கீழ் இறக்காது சமதரையிற் பயில்க.

நாணினுள் ஸ்டீரொய்ட் ஊசி ஏற்றுமாறு மருத்துவரை நெருக்குதல் தகாது. நாண் அறுதற்கும் அது ஏதுவாகலாம். ஆட்டத்திடையே எவரோ பின்னின்று உதைத்தாற்போலிருந்து, திரும்பிப் பார்க்க ஒருவரும் இலராயின், நாண் அறுந்ததென ஐயுற்று அன்றே வைத்தியசாலை செல்க.

பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம்: விழா ஆட்டத்துக்குப் பெயர் கொடுக்கும் நாளை 3 மாதம் முற்படுத்துக. பெயர் கொடுத்தோர் தத்தம் வீட்டுப் படியில் அன்று மாலையே தொடங்கலாம்.