சேர்வரோட பேச ஒரு வழி போதுமா?

எடிட்டரில ரெண்டு எழுத்துத் தட்டினதும் மிச்சச் சொல் தானா வந்து நிக்குது. பிழை விட்டால் கீழ சிவப்புக் கோடு விழுது. இதுக்குப் பின்னால பெரும்பாலும் எடிட்டர் இல்லை; தனியா ஓடுற இன்னொரு மென்பொருள்தான் இதைச் செய்யுது. அதை மொழிச் சேர்வர் எண்டு சொல்லுறம். ரெண்டும் எப்பிடிப் பேசவேணும் எண்ட பொது விதிமுறையை எல்.எஸ்.பி. என்ற பெயரில் மைக்ரோசொவ்ட் 2016இல் வெளியிட்டது. அதன் பிறகு ஒரு மொழிக்கு ஒரு சேர்வர் எழுதினால் விஎஸ் கோட், ஈமாக்ஸ், நியோவிம் எல்லாத்திலயும் பாவிக்கலாம்.

என்ன பேசுறது எண்டது இப்பிடித் தீர்ந்தது. எந்த வழியால பேசுறது எண்டதில்தான் சிக்கல். வழக்கமான வழி: எடிட்டரே சேர்வரைத் தொடக்கிவைக்கும், அதன் உள்ளீடு வெளியீட்டுக் குழாய்களால பேசும், மூடும்போது அதையும் நிப்பாட்டிவிடும். சுத்தமான ஏற்பாடு, குறை சொல்ல ஏலாது. ஆனால் இது, சேர்வரைத் தொடக்குறது எப்பவும் எடிட்டர்தான் எண்ட எண்ணத்தில நிக்குது.

கொடோ விளையாட்டு எஞ்சினை எடுங்கோ. அதன் மொழிச் சேர்வர் கொடோவுக்குள்ளேயே இருக்கு. கொடோவைத் திறந்தால் அது ஒரு போர்ட்டில காத்துக்கொண்டிருக்கும். நாலாம் பதிப்பில அந்த இலக்கம் 6005. வெளியில இருக்கிற எடிட்டர் செய்யவேண்டியது தொடக்குறது இல்லை, போய் இணையிறது மட்டும்தான். நியோவிமுக்கு அது நேரடியாகத் தெரியாமல் இருந்த காலத்தில நெற்கற் எண்ட சின்னக் கருவியை நடுவில வச்சு, அதைத்தான் சேர்வர் எண்டு நம்பவச்சார்கள். லினக்ஸில அது பெரும்பாலும் கையில கிடைக்கும். விண்டோஸில முதல்ல அதைத் தேடி இறக்கவேணும். 2022இல் வந்த 0.8 பதிப்பில்தான் நேரடியாக இணையிற வசதி சேர்ந்தது.

இப்பிடி ஒரு வழியைச் சேர்க்கக் கேட்டால், "அதுதான் நெற்கற் இருக்கே" எண்டு பதில் வரும். ஏற்கெனவே உள்ளுக்குள்ள இருக்கிற ஆளின் பதில் அது. முதல் விளையாட்டைச் செய்ய வாற பதினாறு வயசுப் பிள்ளைக்கு அந்த நடுக்கருவிதான் விட்டுட்டுப் போறதுக்கான காரணமாகும்.

எங்கட கைகளில இருக்கிற லப்டொப்புகளுக்கும் இதில பங்கு இருக்கு. ஜாவா மாதிரி மொழிகளின் சேர்வர் நினைவகத்தை நல்லாத் தின்னும். 4 ஜிபி மெஷினில அதோட பிரவுசரையும் திறந்தால் மூச்சுத் திணறும். பலமான இன்னொரு மெஷினில சேர்வரை ஓடவிட்டு இணையலாம் எண்டால் பழைய லப்டொப்புக்கும் ஆயுள் கூடும். விஎஸ் கோட்டில இதுக்கு ரிமோட் எஸ்எஸ்எச் இருக்குத்தான். ஆனால் அந்த நீட்சியின் உரிமம் மைக்ரோசொவ்ட் வெளியிடுற விஎஸ் கோட்டுக்கு மட்டும். அதே மூலநிரலில இருந்து கட்டின விஎஸ்கோடியமில பாவிக்க உரிமை இல்லை. திறந்த மூலம் எண்டு சொல்லிப்போட்டு வாசலுக்குப் பூட்டுப் போட்ட மாதிரி.

பராமரிப்பாளர்களின் தயக்கத்தில நியாயமும் இருக்கு. வேற மெஷினில இருக்கிற சேர்வருக்கு எடிட்டர் தன்ர கோப்புப் பாதையைச் சொன்னால் அங்க அப்பிடி ஒரு கோப்பே இருக்காது. பாதைகளை மாத்திக் குடுக்கவேணும். இணைப்பு அறுந்தால் திரும்ப இணையிறது ஆர் எண்ட கேள்வி வரும். எல்லாத்தையும் விட, எல்.எஸ்.பி.யில கடவுச்சொல் கேக்கிற ஏற்பாடே இல்லை. போர்ட்டை வலையமைப்பு முழுக்கத் திறந்துவிட்டால் அதே வைஃபையில இருக்கிற ஆரும் உள்ள வரலாம். அதனால இயல்புநிலை 127.0.0.1 ஆக மட்டும் இருக்கவேணும். தூர மெஷினுக்கு எஸ்எஸ்எச் சுரங்கத்தால போகட்டும். இவ்வளவும் வேலைதான். ஆனால் ஒவ்வொரு பாவனையாளரும் தனித்தனியா, அரைகுறையா இதைச் செய்யிறதை விட ஒருக்கா எடிட்டருக்குள்ள ஒழுங்காச் செய்யிறது மேல்.

கொடோவோட நியோவிமைச் சேர்த்துப் பாவிக்க நினைக்கிற ஆக்கள் 0.8க்குப் பிந்தின பதிப்பா எண்டு முதல்ல பாருங்கோ. கொடோவைத் திறந்து வச்சிட்டுத்தான் இணையவேணும், மறந்திடாதேங்கோ.