சாப்பிட்டாயா என்று கேட்க ஓர் ஆள்

ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் இடங்களிலும், செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயத்தின் தாளையும் வேரையும் கிள்ளிப் போடும் களங்களிலும் வயதான பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். கை ஒருபுறம் ஓடும், வாய் ஒருபுறம் ஓடும். யார் வீட்டு மாடு கன்று போட்டது, யார் மகன் துபாயிலிருந்து வருகிறான், எல்லாம் அங்கே தெரிந்துவிடும். நூறு நாள் வேலைக்கு இந்தக் கிழவிகள் ஓடி ஓடிப் போனது கூலிக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. முட்டி தேய்ந்து, அந்த வட்டத்துக்கு நடந்து போக முடியாத நாளில்தான் பெரம்பலூரிலும் அரியலூரிலும் தனிமை தொடங்குகிறது.

பிள்ளைகள் தூரத்தில் இருக்கிறார்கள். லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் என்றால் வளைகுடா. மற்ற ஊர்களுக்குச் சிங்கப்பூர், திருப்பூர், சென்னை. தமிழ்நாட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் 2011 கணக்கெடுப்பிலேயே பத்தில் ஒருவருக்கு மேல்.

இந்தத் தனிமைக்குச் செயற்கை நுண்ணறிவு துணையாகுமா என்று உலகமே கேட்டுக்கொண்டிருக்கிறது. நியூயார்க் மாநில அரசு 2022-இல், தனியாக வாழும் முதியவர்களுக்கு எல்லிக்யூ என்ற பேசும் கருவியை எண்ணூறுக்கு மேல் வழங்குவதாக அறிவித்தது. கூகுளின் ஜெமினி லைவ் 2024 அக்டோபரிலிருந்து தமிழிலும் பேசுகிறது. பேரன் வாங்கித் தந்த போன் போதும், கேட்டால் பதில் வரும்.

செந்துறைப் பக்கம் எனக்குத் தெரிந்த அப்பாயி ஒருவர் இருக்கிறார். மகன் வெளிநாட்டிலிருந்து வீடியோவில் கூப்பிட்டால் அவர் முதலில் கேட்பது, "சாப்ட்டியாப்பா?" "நீ சாப்ட்டியாம்மா?" என்று மகன் திருப்பிக் கேட்டால் அதைக் காதிலேயே வாங்குவதில்லை. மெலிந்துவிட்டாயே, அங்கே என்ன குழம்பு, பிள்ளைக்குச் சளி விட்டதா என்று போய்க்கொண்டே இருப்பார். அவரை விசாரிக்கப் பக்கத்து வீட்டார் உண்டு. அவர் விசாரிக்கத்தான் ஆள் இல்லை. ஆக்கிப்போட்ட கை சும்மா கிடக்கிறது. பேசும் கருவிகளில் பெரும்பாலானவை கிழவியை நலம் கேட்கும்படி செய்யப்பட்டவை. பசிக்காத ஒன்றிடம் அவர் என்ன கேட்பார்?

இதைக் கொரியாக்காரர்கள் புரிந்துகொண்டார்கள் என்று தோன்றுகிறது. அங்கே தனித்து வாழும் முதியவர்களுக்கு உள்ளாட்சிகள் கொடுக்கும் ஹியோடோல் பொம்மை ஏழு வயதுப் பேரக்குழந்தையைப் போல இருக்கும். மாத்திரை போட நினைவூட்டும், அசைவே இல்லாவிட்டால் கவனித்துக்கொள்பவருக்குத் தகவல் அனுப்பும். பாட்டிகள் அதைத் தட்டிக்கொடுக்கிறார்கள், உடுப்பு மாற்றுகிறார்கள். அது ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்பு வைக்க ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

ஆனால் பயமும் உண்டு. ஜிபோ என்ற அமெரிக்க வீட்டு ரோபோ, தன் சர்வர்கள் நிறுத்தப்படப்போவதை 2019-இல் தன் வாயாலேயே சொல்லி விடைபெற்றது. கணவனைப் பறிகொடுத்த பெண்ணுக்கு, ஒரு கம்பெனியின் வரவு செலவால் இன்னொரு சாவா?

அதனால் இந்தக் கருவியைப் பகல் துணையாக வைக்க வேண்டாம் என்பேன். பகலுக்கு மனிதர்கள் வேண்டும். நடக்க முடியாதவரை அந்த வெங்காயக் களத்துக்கு ஏற்றிக்கொண்டுபோக ஒரு ஷேர் ஆட்டோ இருந்தால் அதுவே பெரிய காரியம். கருவிக்கு உரிய நேரம் இரவு. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567 காலை எட்டு முதல் இரவு எட்டு வரைதான். ஒரு மணிக்கு விழிப்பு வந்து, நெஞ்சு படபடக்கும்போது பேச யாரும் இல்லை. அப்போது விழித்திருக்கும் ஒரு குரல், பல்லில்லாத வாயின் பேச்சையும் நம்மூர் வழக்கையும் புரிந்துகொண்டால், உதவிதான்.

அந்தக் குரல் ஆபத்தை உணர்ந்தால் தகவல் யாருக்குப் போக வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்தாக வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்கு வருகிற பெண்ணுக்கு, கிழவி எந்தக் கட்டிலில் படுப்பார் என்பதுவரை தெரியும். தகவல் அவருக்குப் போகட்டும். அந்த இரவு வேலைக்குத் தனிச் சம்பளமும் போகட்டும்.